நாயின் பெயரில் ஓர் ஊர்

பிழைப்புக்காக ஊர் மாறியவர்களை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் படிப்புக்காக, வயதான பெற்றோருக்காக, பங்காளித் தகராற்றில் மனம் வெறுத்து ஊர் மாறியவர்களும் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. நாய்க்காக ஊர் மாறப்போகிறோம் என்று சொன்னால் மட்டும், கேட்பவர் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிடுகிறார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கி நாளாகிவிட்டது, முடிந்தபாடில்லை. நானும் கணவரும் செய்யும் வேலைக்கு இணைய இணைப்பு இருந்தால் போதும். மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலையில் இருக்கிறாள். சென்னையை விட்டால் கெட்டுப்போய்விடும் என்று எதுவும் இல்லை. கோத்தகிரியில் வீடும் பார்த்துவைத்திருக்கிறோம். வாடகை கட்டுப்படியாகும். வீட்டுக்கார அம்மாள் நாயைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. போவதற்கான காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் ‘சரி, போவோம்’ என்ற சொல் என் வாயிலிருந்து வர மறுக்கிறது. அது எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாயின் பெயர் செவலை; சிப்பிப்பாறை இனம். சாத்தூருக்குக் கிழக்கே என் தாய்மாமன் வீட்டு ஈற்றில் பிறந்தவன். ஒட்டிய வயிறு, ஆழமான மார்புக்கூடு, நீண்ட முகம், மெலிந்து வளைந்த வால். முடி மிகக் குட்டை என்பதால் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் சோறு போடுவதில்லையா என்று கேட்பார்கள். மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி ஓடும் நாய்கள் இவை. பருத்தியும் கம்பும் எடுத்து முடித்த கரிசல் காட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பே இல்லாத வெட்டவெளியில், முயலைக் கண்டு துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கியவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, உடம்பு மட்டும் அந்த வேலைக்கென்றே இன்னமும் பிறந்துகொண்டிருக்கிறது. அந்த உடம்பு எங்கள் நாலாவது மாடி வீட்டில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே நடக்கிறது. டைல்ஸ் தரையில் நகங்கள் தட்டும் ஓசையை வைத்தே அவன் மனநிலையைச் சொல்லிவிடுவேன். நிதானமாகத் தட்டினால் தண்ணீர் குடிக்கப் போகிறான். ஒரே இடத்தில் நின்று மாறி மாறித் தட்டினால் பால்கனிக் கம்பிக்கு அப்பால் எதையோ பார்த்துவிட்டான் என்று பொருள். கீழே காலி மனையில் கீரி குறுக்கே ஓடியிருக்கும். பின்னங்கால் தசை தோலுக்கடியில் துடிக்கும், காதுகள் பின்னால் மடங்கும், குரைக்க மாட்டான். கீரி புதருக்குள் மறைந்த பிறகும் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்னங்கால்களை நீட்டி அங்கேயே படுத்துவிடுவான். அந்தத் தசைத் துடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இவனை இங்கே வைத்திருப்பது நியாயமா என்று எனக்குத் தோன்றும். ஊர் மாறும் பேச்சே அந்தத் துடிப்பிலிருந்து தொடங்கியதுதான்.

சென்னை அவனுக்குக் கொடுமை செய்கிறது என்று சொல்ல மாட்டேன். சென்னை அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கெல்லாம் தார்ச்சாலை காய்ந்துவிடுகிறது. புறங்கையைத் தரையில் வைத்துச் சில விநாடிகள் தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தக் கூடாது. ஆகவே இருட்டோடு கிளம்ப வேண்டும். இல்லையென்றால் இரவு ஒன்பதுக்குப் பிறகு. உண்ணிக் காய்ச்சல் இந்த நகரத்து நாய்களை வருடம் முழுக்க வாட்டுகிறது. தினமும் படுக்கப்போகும் முன் காது மடலைப் புரட்டி, கால் விரலிடுக்குகளை விரித்து, கழுத்துப் பட்டைக்கு அடியில் விரல் நுழைத்து உண்ணி தேட வேண்டும். லிப்டில் நாய் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் ஓர் அட்டை மாட்டியது. அப்படித் தடுக்கச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தந்த வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுத்தேன். அட்டையைக் கழற்றினார்கள். ஆனால் லிப்டின் மூலையில் ஒடுங்கி நிற்கும் பெண்ணின் பயத்தை எந்த வழிகாட்டுதலும் கழற்றிவிடாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு எங்கள் தெருவில் பார்வைகளே மாறிப்போயின. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தின் நடுவே ஒரு நாயோடு தினமும் நடந்து போவதில் ஓர் அயர்ச்சியும் இருக்கிறது. யாரும் முறைக்காத, தரை சுடாத, கழுத்துக் கயிற்றைத் தளர்த்திப் பிடிக்கக்கூடிய ஊர் ஒன்று இருக்காதா என்று மனம் ஏங்குவது இயல்பு.

கோத்தகிரி அந்த ஏக்கத்துக்கு அளவெடுத்தது போலத்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். ஊட்டியின் நெரிசலும் நடுங்கவைக்கும் குளிரும் இல்லை. சாலையின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், மறுபக்கம் படகர் ஊர்களான ஹட்டிகளின் வரிசை வீடுகள். தொழிற்சாலையில் இலை வாட்டும் நேரத்தில் காற்றில் பச்சையும் புளிப்பும் கலந்த ஒரு வாசம் வரும்; அதை முகர்ந்ததும் செவலை முகத்தை உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றான். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. அவற்றை யாரும் விரட்டவில்லை, யாரும் கொஞ்சவும் இல்லை. வர்க்கித் துண்டு விழுந்தால் ஒன்று எழுந்து தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நாயோடு வருபவர்களைத் தங்கவைக்கும் எஸ்டேட் விடுதிகள் இருக்கின்றன. நகரத்திலிருந்து நாய்களோடு வந்து குடியேறியவர்களும் இருக்கிறார்கள். எதிரே வருபவர்கள் நாயைப் பார்த்து ஒதுங்காமல் நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே வந்துவிடலாம் என்று கணவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் பார்த்த வீடு ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் படகர் சமூகத்தவர். தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர். சாவியைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, மின்சார மீட்டரைக் காட்டிய பிறகு, செவலையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மேடம், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல இவனை வெளிய விட்டுராதீங்க. வாசல்ல கட்டியும் போடாதீங்க. கட்டிப்போட்டா அதுக்கு ஓடக்கூட வழியில்ல.” சிறுத்தையைத்தான் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. கொல்லையில் இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்த ஒரு நாய்க்கூண்டு இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் விறகு அடுக்கியிருந்தார்கள். கதவின் கீழ்க்கம்பிகள் இரண்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. “நாங்களும் வளர்த்தோம். ஒவ்வொண்ணாப் போச்சு. அப்புறம் வேணாம்னு விட்டுட்டோம்” என்றார். “கரடி வந்தாக் கதவைச் சாத்திக்கலாம். காட்டெருமை வந்தா ஒதுங்கி நின்னுக்கலாம். இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது மேடம்.” அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் எந்தப் பக்கச் சுவரில் ஈரம் ஏறும் என்று சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

வளைந்த அந்தக் கம்பிகள் என் நினைவை விட்டுப் போகவில்லை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வனவுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு நாய்கள் என்று தெரியவந்தது. ஆடு மாடுகளைவிட நாயே அங்கே முக்கிய உணவு. மனிதக் குடியிருப்பை ஒட்டி வாழும் சிறுத்தை நாயைத் தேடி வருவது தற்செயல் அல்ல; நாய் இருப்பதால்தான் அது வாசல் வரை வருகிறது. அப்படியானால் கோத்தகிரிக்கு ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போவது என் வீட்டுக்குள் மட்டும் முடியும் காரியமல்ல. பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் குழந்தை விடிவதற்கு முன் வெளியே வரும் வழியில் சிறுத்தைக்கு இன்னொரு காரணத்தை நான் வைக்கிறேன். காட்டுக்கும் அதே கதைதான். ஊருக்குள் இருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்பு. சுற்றியுள்ள பல ஊர்களின் குடிநீர் அதன் ஊற்றுகளிலிருந்து வருகிறது. அந்த நிழலில் செவலையை நடத்திச் செல்வதாக நான் கற்பனை செய்திருந்தேன். சோலை நாய்க்கான இடம் அல்ல. வீட்டு நாய் சுமந்து போகும் டிஸ்டெம்பர், பார்வோ, ரேபிஸ் மூன்றும் செந்நாய்க்கும் நரிக்கும் தாவக் கூடியவை. தடுப்பூசி போட்ட நாயானாலும், அது ஓடித் துரத்தினால் கேளையாடு குட்டியை விட்டுவிட்டு ஓடும். ஆக, அங்கே போனால் மாலை ஐந்தரைக்கு மேல் கதவடைப்பு; பகலில் கயிறு; சோலைக்குள் அனுமதி இல்லை; சாலையோரத்தில் காட்டெருமை நிற்கிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்து நடக்க வேண்டும். சென்னையில் வெயில் குறித்துக் கொடுத்த நேரத்தை மலையில் சிறுத்தை குறித்துக் கொடுக்கிறது. இதில் எங்கே இருக்கிறது அவனுக்கான சுதந்திரம்? பனி விலகும் சரிவில் ஒரு நாய் காற்றைக் கிழித்து ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை யாருடையது? அவனுடையதாக இருக்க வழியில்லை. அவன் அப்படி ஒரு சரிவில் ஓடியதே இல்லை.

ஆசைக்கு அடுத்து உடம்பு. செவலையைப் போல மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு ஓர் ஆபத்து உண்டு: தின்றுவிட்டு ஓடினாலோ, சில சமயம் காரணமே இல்லாமலோ, இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் எச்சில் வடியும். வயிறு தட்டினால் ஒலிக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் பிழைக்காது. சென்னையில் அப்படி ஒன்று நடந்தால் வேப்பேரிக்கு ஓடலாம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோத்தகிரியில் கால்நடை மருந்தகம் இருக்கிறது. அதன் நாள் பெரும்பாலும் மாடுகளோடும் ஆடுகளோடும் போகிறது, அதுவே சரியும்கூட. நள்ளிரவில் பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் கோவைக்கு இறங்க வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர், பாதி மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்தப் பாதையே இருக்குமா என்பது கேள்வி. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; சாலைகள் நாட்கணக்கில் துண்டித்துக் கிடந்தன. மலையின் மருத்துவத்தைக் குறைத்துச் சொல்வதாக இது ஆகிவிடக் கூடாது. நாய்க்கடிக்கு மருந்து தேடிய வரலாற்றில் நீலகிரிக்குப் பெரிய இடம் இருக்கிறது. 1902இல் வெறிநாய்க் கடிக்குச் சிகிச்சை கிடைக்காமல் அங்கே ஓர் ஆங்கிலப் பெண் இறந்தார். அதன் பிறகு அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ், கர்சன் பிரபு வழியாகத் தந்த நன்கொடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் வேர்ல்ட்வைடு வெட்டரினரி சர்வீஸ் அமைப்பு ஊட்டி அருகே பயிற்சி மையம் நடத்தி, மாவட்டத்து நாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவருகிறது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் அந்த மூன்று நாய்களும் நிம்மதியாகப் படுத்திருந்ததற்கும் எதிரே வருபவர்கள் ஒதுங்காததற்கும் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. அவற்றில் ஒன்றின் காது நுனி வெட்டியிருந்தது. கருத்தடை முடிந்ததற்கான அடையாளம் அது. ஓர் ஊர் நாய்களோடு இணங்கி வாழ்கிறது என்றால் அதற்குக் காரணம் காட்சியோ காற்றோ அல்ல. வருடம் தவறாமல் யாரோ ஊசியோடு தெருத் தெருவாகப் போகிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். பரந்த வெளியோடு, நாயோடு வாழத் தோதான ஒரு சிற்றூர் என்று மனத்துக்குள் சொன்னவுடன் என் எண்ணம் ஏன் மலை ஏறியது? செவலையின் உடம்பைக் கேட்டால் அது கோத்தகிரியைச் சொல்லாது. அந்தக் குட்டை முடியும் கொழுப்பில்லாத தோலும் மார்கழிப் பனிக்கானவை அல்ல. கம்பளிச் சட்டை போட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் கால்கள் செங்குத்தான தேயிலைச் சரிவுக்கானவையும் அல்ல. அவனுக்கான வெளி சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். அங்கே எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, மாமா இருக்கிறார், நிலம் தட்டையாகத் தொடுவானம் வரை கிடக்கிறது. ஆனால் குடியேறுவது என்ற பேச்சில் அந்த ஊரின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. வெயில் ஒரு காரணம்தான். அதைவிடப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரியின் கன்னேரிமுக்கில் வீடு கட்டிய நாளிலிருந்து, நல்ல காற்று என்றால் மேலே, நல்வாழ்வு என்றால் மேலே என்று இந்த நாட்டின் வசதி படைத்தவர்களுக்கு ஒரு திசை பழகிவிட்டது. நாய்களும் அந்தத் திசையில் ஏறியிருக்கின்றன. ஆங்கிலேயரின் வேட்டைக் குழுவான ஊட்டி ஹண்ட் அமைப்பினர் இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்டுகளை வரவழைத்து, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரிகளைத் துரத்தினார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி அது. தன் நாய் ஓடுவதற்கு மலை வேண்டும் என்ற எண்ணம் என்னுடையதாகத் தோன்றினாலும் அதற்கு இருநூறு வயது. கரிசலில் நாய் திண்ணையிலும் களத்திலும் கிடக்கிறது, கஞ்சி ஊற்றுகிறார்கள், வீட்டுக்குள் விட மாட்டார்கள். நாய்க்கு உகந்த ஊர் என்று அதை யாரும் அழைத்ததில்லை. காரணம், அங்கே நாய்க்கென்று விலை கொடுத்து வாங்க எதுவும் இல்லை.

ஆனாலும் கரிசலைத் தூக்கிப்பிடித்து எழுதிவிட மனம் ஒப்பவில்லை. நாயை வைத்து மனிதனை அளந்த ஊர்களும் தெற்கில் இருந்திருக்கின்றன. மதுரை வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் கட்டுப்பாடு விதித்திருந்தது கள ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் தெரு ஆண் நாய் தங்கள் தெருப் பெண் நாயோடு சேர்ந்துவிடும் என்பதுதான் காரணம். இதைப் படித்த பிறகு, ஓர் ஊர் நாயை ஏற்கிறது என்று சொல்லும்போது யாருடைய நாயை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கோத்தகிரியிலும் அதைக் கேட்க வேண்டும். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக உருவான, அரசு நடத்தும் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. அந்த லயன் வீடுகளின் வாசலில் கிடக்கும் நாய்கள்தான் இருட்டில் முதலில் குரைக்கின்றன, முதலில் போகின்றன. எஸ்டேட் விடுதியின் கம்பளத்தில் படுக்கும் லாப்ரடாருக்குக் கிடைக்கும் வரவேற்பு அவற்றுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் கிடைப்பதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுச் சிறு விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். விலை விழும்போது தோட்டம் மனையாகிறது, மனையில் எங்களைப் போன்றவர்களின் வீடு எழுகிறது. வாகனங்களின் எண்ணிக்கை தாங்காமல் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், குடியேற வருபவர்கள் தங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன். நாயோடு போகிறவள் என்பதால் என் பாரம் குறைந்துவிடாது.

இவ்வளவையும் தள்ளிவைத்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதைத்தான் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக் கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் கல்லில் பொறித்திருக்கின்றன. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாயின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நாய் இடம் தேர்ந்தெடுத்து நிற்கவில்லை. அவன் விழுந்த இடத்தில் நின்றது. செவலையும் அப்படித்தான். நாலாவது மாடியோ மலைச்சரிவோ, நான் இருக்கும் அறை எதுவோ அதன் வாசலில் படுப்பான். இடத்தைக் கணக்குப் பார்ப்பவள் நான். இந்த இனத்து நாய்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்கள் வாழ்ந்தால் நிறை ஆயுள். செவலையின் முகவாயில் நரை ஏறிவிட்டது. ஒரு வீட்டுக் கடனின் பாதித் தவணைகூட முடியாத காலம்தான் அவனுக்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த மலையில் நான் இருந்தாக வேண்டும். அவன் இல்லாமல், ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிட்டு, காற்றும் மழையும் ஓட்டுக்கூரையில் இரையும் கார்த்திகை இரவில், பேச்சுத் துணைக்குப் பக்கத்து ஹட்டியில் யாரையும் இன்னும் சரியாகப் பழகிக்கொள்ளாமல். அப்போதும் அது என் ஊராக இருக்குமா? அந்த ஊரின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவளாக, பச்சைத் தேயிலை விலைக்காக அவர்கள் சாலையில் உட்காரும் நாளில் அவர்களோடு உட்காருகிறவளாக இருப்பேனா? நாய்க்காகப் போகிறேன் என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நாய் எனக்காகப் பதில் சொல்லிவிடுகிறது.

என் பதிலை நானே சொல்லிப் பார்த்தேன். அவன் இல்லாத கோத்தகிரியில் இருக்க எனக்கு இப்போது விருப்பமில்லை. அதனால் போவதில்லை. விடியும் முன் திருவான்மியூர் கடற்கரையின் ஈர மணலில் ஓட்டம், சாத்தூருக்குப் போகும்போதெல்லாம் கரிசலில் ஒரு மாலை, எங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் நடக்கிறதா என்று மாநகராட்சியை விடாமல் கேட்பது: இவைதான் செவலைக்கு என்னால் இங்கே செய்ய முடிந்தவை, இவை சிறியவை அல்ல. இதே யோசனையில் இருப்பவர்கள் பலர் உண்டு என்று அறிவேன். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாயை ஒரு நிமிடம் மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அந்த ஊரில் தனியாக இருப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். இருப்பேன் என்றால் தயங்காமல் போங்கள். மனை வாங்காதீர்கள், வாடகைக்குப் போங்கள், ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் அங்கே இருந்து பாருங்கள், இருட்டும் முன் நாயை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். இருக்க மாட்டேன் என்றால், அந்த மலையை அங்கே இருப்பவர்களுக்கும் அங்கே இருப்பவற்றுக்கும் விட்டுவிடுங்கள்.